வெளுத்துப்போன மஞ்சள்

அத்தியாயம் 11

ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் வந்து நின்ற புருஷனிடம் ஒரு பெண் என்ன கேட்பாள்? "இன்னொண்ணு எங்கேங்க?" என்றுதான் அவளும் கேட்டாள்.

பஸ் டிரைவரான அவர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. ஒரு நொடி அவர் முகத்தில் என்னவோ வந்து போனது.

"நாய் இழுத்துட்டுப் போயிருக்கும்" என்று சிரித்தார்.

காலில் மாட்டியிருக்கும் செருப்பை எந்த நாய் இழுக்கும்?

அது நேற்று சாயங்காலம். இன்று விடிந்ததும் குப்பை கொட்டப் போனவள், சலவைக்கடைக்கு முன்னால் அந்தச் செருப்பைக் கண்டாள். வீட்டைப் பார்த்தபடி நேராகக் கிடந்தது. யாரும் கழற்றி எறிந்த மாதிரி இல்லை. நடக்கும்போது தானாக நழுவியிருக்கிறது. அங்கிருந்து வாசல்வரை சாலை போடக் கொட்டிய ஜல்லி. இத்தனை தூரம் வெறுங்காலில் நடந்து வந்திருக்கிறார், மனிதருக்குத் தெரியவில்லை.

செருப்பை எடுத்துவந்து ஜோடியோடு சேர்த்து வைத்தாள். அவர் அதை மாட்டிக்கொண்டு காலை டூட்டிக்குக் கிளம்பிப் போனார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். இருபது வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று சொல்லிக்கொள்வார்.

ஆனால் போகும்போது வாசற்படியில் காலை வைக்குமுன் குனிந்து பார்த்துத்தான் வைத்தார். அதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

*

அந்தத் தெருவில் அவளுக்குச் 'செதில் டீச்சர்' என்று பேர்.

எல்லாம் மகள் ஆரம்பித்து வைத்தது. கல்லூரிக் காலத்தில் ஒருநாள், பால், முட்டை, கறி எதுவும் இனி எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒரே பெண். அவளுக்கு ஒரு உலை, நமக்கு ஒரு உலை என்று எத்தனை நாள் வைப்பது? கொஞ்சம் கொஞ்சமாக வீடே அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. அப்போதுதான் மகள் ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்தாள். ஊட்டச்சத்து ஈஸ்ட். பேர்தான் மருந்துக்கடை மாதிரி. பிரித்தால் மஞ்சள் மஞ்சளாகச் செதில். நாக்கில் வைத்தால் வறுத்த முந்திரியும் பழைய சீஸும் கலந்த ருசி.

"இதை விடாம சாப்பிடணும்மா. இல்லைன்னா பி12 மாத்திரை போடணும். ரெண்டுல ஒண்ணு கட்டாயம்" என்று மகள் சொல்லியிருந்தாள்.

மாத்திரை என்றால் டிரைவருக்கு ஆகாது. செதில் என்று முடிவானது. மசித்த உருளைக்கிழங்கில், தக்காளி சூப்பில், நூடுல்ஸில், பொரித்த சோளத்தில் என்று அவள் எதையும் விடவில்லை. கேட்டவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் அது வாரம் இரண்டு நாள் வகுப்பாகிவிட்டது. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய், பிள்ளையும் பெற்றுவிட்டாள். செதில் மட்டும் இந்த வீட்டில் நிலைத்துவிட்டது.

காலை வகுப்புக்கு நான்கு பேர் வந்திருந்தார்கள். இன்றைக்கு வெள்ளை சாஸ்.

"மாவை எண்ணெயில வாசம் வர்ற வரைக்கும் வறுங்க. சிவக்கக் கூடாது. ஓட்ஸ் பாலைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும், ஒரே மூச்சா ஊத்தினா கட்டி தட்டிடும். பூண்டு, துளி கடுகு விழுது. கொதி வந்ததும் அடுப்பை அணைச்சுடுங்க. அணைச்ச பிறகுதான் செதில். கொதிக்க விட்டா சத்தும் போகும், கசப்பும் ஏறும்."

செதிலைப் போட்டுக் கலக்கி, எலுமிச்சை பிழிந்து, கரண்டி நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு போதவில்லை. இன்னும் ஒரு சிட்டிகை போட்டாள்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் ருசி பார்த்த ஒரு பெண். "உப்பு ஏற்கெனவே தூக்கலா இருக்கே."

டீச்சருக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நாளாக நாக்கு எரிகிறது. வழவழவென்று இருக்கிறது. சூடாகக் குடித்தது சுட்டிருக்கும் என்று விட்டிருந்தாள்.

"நான் என் தங்கச்சி ஊர்ல வாங்கின செதிலைக் கொண்டுவந்திருக்கேன். அதையே போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள் வங்கியில் வேலை பார்க்கும் பெண். வாயாடி. கேட்டுக்கொண்டே வெள்ளைத் தட்டில் ஒரு கரண்டி கொட்டினாள். பக்கத்தில் டீச்சரின் கண்ணாடி ஜாடியிலிருந்து ஒரு கரண்டி.

எல்லோரும் தட்டை எட்டிப் பார்த்தார்கள்.

ஒன்று சாமந்திப்பூ. இன்னொன்று மரத்தூள்.

"உங்களுது என்ன டீச்சர் இப்படி வெளுத்துக் கிடக்கு? பழசா?"

"போன வாரம்தான் வந்துச்சு."

"அப்போ விட்டமின் சேர்க்காததா இருக்கும். சேர்த்தாதான் இப்படிப் பளீர்னு இருக்குமாம். எங்க வீட்டுக்காரர் முதல் நாள் சாப்பிட்டுட்டு மறுநாள் பாத்ரூம்ல இருந்து ஒரு கத்து கத்தினாரு பாருங்க! எல்லாம் மஞ்சளா போகுது, காமாலை வந்துடுச்சுன்னு."

மற்ற மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செதில் டீச்சர் சிரிக்கவில்லை.

டிரைவரும் அந்த நாளில் அப்படித்தான். "தங்கமா போகுதுடி, சேர்த்து வச்சா வளையல் பண்ணலாம்" என்பார். தினமும் சொல்வார். ஒரு ஜோக் கிடைத்தால் அதை உரலில் போட்டு இடித்து மாவாக்கும்வரை விடாத மனிதர்.

அந்த ஜோக்கை அவர் எப்போது நிறுத்தினார்?

"டீச்சர்? சாஸ் கெட்டியாகுது..."

"இன்னைக்கு இது போதும்" என்றாள் அவள். "யாரும் என் ஜாடியில இருந்து எடுத்துட்டுப் போகாதீங்க."

*

செதில் வருவது கொழுந்தன் கடையிலிருந்து. டிரைவரின் ஒரே தம்பி. இயற்கைப் பொருள்கள் விற்கிறார். கடைக்குள் நுழைந்தாலே ஓட்ஸும் உலர்ந்த பழமும் கலந்த ஒரு மணம் வரும்.

"வாங்க அண்ணி! சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே. உட்காருங்க."

அவள் உட்காரவில்லை. "தம்பி, எனக்குத் தர்ற செதில் முன்னாடி தந்ததேதானா?"

கொழுந்தனின் முகம் மலர்ந்தது. "கண்டுபிடிச்சிட்டீங்களா? அதைவிட ஒசத்தி அண்ணி. பழசோட கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து மாத்தி ரெண்டு வருஷம் ஆகுது. பழசுல ஃபேக்டரிக்காரன் செயற்கை விட்டமினைக் கலந்து விட்டிருப்பான். இதுல அந்த வேலையே இல்ல. ஈஸ்ட்டைத் தவிர ஒரு தூசி கிடையாது. வாங்குறவங்க எல்லாரும் கலப்படம் இல்லாதது வேணும்னு கேட்டாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நல்லது பண்றதைச் சொல்லிக்கிட்டா பண்ணுவாங்க?"

இந்த மனிதரைத் திட்டவும் முடியாது. அண்ணன் குடும்பத்துக்கு என்றால் மூட்டையில் அடியில் கிடப்பதைத் தராமல் மேலாக அள்ளித் தருகிறவர்.

"அந்தச் செயற்கைக்காகத்தான் தம்பி நாங்க இதைச் சாப்பிட்டதே" என்றாள். "பாலு இல்ல, முட்டை இல்ல. பி12 எங்களுக்கு வேற எங்கிருந்தும் வராது. இது ஒண்ணுதான் வழி. அதையும் நீங்க அடைச்சுட்டீங்க."

கொழுந்தன் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். கையிலிருந்த அளவைக் கரண்டியை மெல்லக் கீழே வைத்தார்.

"அப்போ அண்ணனுக்கு... அதனாலதானா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அண்ணனுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"தம்பி. அவர் நேத்து ஒத்தைச் செருப்போட வந்தாரு. என்னன்னு சொல்லுங்க."

கடைக்குள் யாரோ வந்தார்கள். கொழுந்தன் அவர்களைக் கவனிக்கவே இல்லை.

"மூணு மாசமா கால் மரத்துப்போகுதாம். பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குன்னாரு. என்கிட்ட தைலம் வாங்கிட்டுப் போய்த் தேய்க்கிறாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு." அவர் குரல் இறங்கியது. "சத்துக் குறைவா இருக்கும்னு நானே ஒரு டப்பா செதில் கூடுதலாக் கொடுத்தேன் அண்ணி. டீக்கடையில சூப் வாங்கி அதுல போட்டுக் குடிக்கச் சொன்னேன். ஒருநாள் விடாம குடிக்கிறாரு."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மத்தியான டூட்டிக்கு வண்டி எடுக்கும் நேரம். மேம்பாலம் ஏறி, இறக்கத்தில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சந்தை என்று போகும் தடம்.

டூட்டியில் அவர் போனை எடுக்க மாட்டார். அது அவருடைய சட்டம்.

"ஸ்கூட்டரை எடுங்க" என்றாள்.

*

வண்டி இன்னும் பஸ் நிலையத்தில்தான் நின்றது. ஆனால் நிறைந்துவிட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நடத்துநர்ப் பெண் பின்படியில் நின்று கடைசி ஆள்களை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

டிரைவர் பக்கக் கதவை அவளே திறந்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் தம்பி நிற்பதையும் பார்த்தார். எல்லாம் புரிந்துபோன முகம்.

"வீட்ல பேசிக்கலாம்" என்றார் மெதுவாக.

"இறங்குங்க."

"ஜனங்க பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். செருப்பைக் கழட்டுங்க."

"உனக்கென்ன பைத்தியமா? நேரமாச்சு, வண்டியை எடுக்கணும்."

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அதுக்குப் பதில் சொல்லிட்டு எடுங்க. கண்ணை மூடுங்க."

ஏன் மூடினார் என்று பிற்பாடு அவருக்கே விளங்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் குரலில் பேசி அவர் கேட்டதில்லை.

அவள் அவருடைய வலது செருப்பை உருவினாள். உள்ளங்கால் முழுக்க ஜல்லி கிழித்த கீறல்கள். சில ஆழமாக இருந்தன. இதோடு இவர் காலையில் முழுசாக ஒரு டூட்டி பார்த்திருக்கிறார். தன் உடையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். பெருவிரலின் கீழ்ச் சதையில் வைத்து அழுத்தினாள். பின்னாலிருந்த கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சொல்லுங்க. எந்த இடத்துல தொடுறேன்?"

டிரைவர் கண்ணை மூடியபடி காத்திருந்தார். பொறுமையாக, பரீட்சை எழுதுகிற பையனைப் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தார்.

"நீ இன்னும் தொடவே இல்லையே" என்றார்.

பிறகு கண்ணைத் திறந்தார். ஊக்கு பாதிவரை உள்ளே இருந்தது. ரத்தம் குதிகால்வரை ஓடி, பிரேக் மிதியின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ வேற்று ஆளுடைய காலைப் பார்ப்பது போல.

அவள் ஊக்கை உருவி எடுத்ததும் சாவியைத் திருகினார். எஞ்சின் அடங்கியது.

உள்ளே கூச்சல் எழுந்தது. "என்னப்பா ஆச்சு?" "ஆஸ்பத்திரிக்குப் போகணும்யா!" "குடும்பச் சண்டையை வீட்ல வச்சுக்கக் கூடாதா?" டிரைவர் எழுந்து நின்று பயணிகளைப் பார்த்துத் திரும்பினார். "வேற டிரைவர் வருவாரு. கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார்.

கீழே இறங்கும்போது தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார். நிழலில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்ததும் தானாகவே சொன்னார்.

"காலையில பள்ளிக்கூடத்து வாசல்ல பிரேக்கை மிதிச்சேன். வண்டி நிக்கல. குனிஞ்சு பார்த்தா என் கால் பிரேக் மேலயே இல்ல. பக்கத்துல தரையை மிதிச்சுக்கிட்டிருக்கேன். இழுத்து வச்சு மிதிச்சேன். நின்னுடுச்சு." கைகளை முழங்காலில் துடைத்துக்கொண்டார். "ரெண்டு பொண்ணுங்க. பை மாட்டிக்கிட்டு, பேசிச் சிரிச்சுக்கிட்டே போயிட்டாங்க. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல."

"அதுக்கு அப்புறமும் வண்டியில ஏறினீங்களா?" என்றாள் அவள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வண்டியை வாங்கிட்டா நான் என்னடி பண்ணுவேன்? எனக்கு வேற என்ன தெரியும்?"

அவளுக்கு அழ வேண்டும் போலவும் ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் செருப்பை அவர் காலில் மாட்டிவிட்டாள். வார் இறுகியிருக்கிறதா என்று தானே இழுத்துப் பார்த்தாள். அவரால் அதைச் சொல்ல முடியாதே.

*

கிளினிக்கில் டாக்டரம்மா முதலில் செருப்பைக் கழற்றச் சொன்னார். காலில் ஒரு அதிரும் கருவியை வைத்துப் பார்த்தார். கண்ணை மூடி நிற்கச் சொன்னார். மூடிய மறுநொடி டிரைவர் ஆடிச் சாய, கொழுந்தன் தாங்கிப் பிடித்தார்.

சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். அது வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று முதல் ஊசியையும் போட்டார்கள்.

"ஆபீஸ்ல வருஷா வருஷம் ரத்தம் பார்க்கிறாங்களே டாக்டர். எல்லாம் நல்லா இருக்குன்னுதானே சொன்னாங்க?" என்றார் டிரைவர்.

"கீரை, பயறு எல்லாம் நிறையச் சாப்பிடுறீங்க. அதனால ரத்த அணு குறையாம இருந்திருக்கு. நரம்பு உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டே வந்தது வெளியில தெரியல."

"கால் பழையபடி ஆயிடுமா?" என்று கேட்டார் அவர்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "நல்லா முன்னேற்றம் வரும்னு நம்பலாம். முழுசா வருமான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. அதுவரைக்கும் வண்டியைத் தொடக் கூடாது." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "நாக்கை நீட்டுங்க பார்ப்போம். உங்களுக்கும் ஊசி வேணும்."

வெளியே வந்ததும் கொழுந்தன் நின்றுவிட்டார். கடையை விட்டு வந்ததிலிருந்து மனிதர் கண்ணைத் தூக்கி யாரையும் பார்க்கவில்லை.

"நான் போறேன் அண்ணி. செதில் வாங்கினவங்க ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டுச் சொல்லணும். சுத்தமானதுன்னு நான் யார் யார் தலையில கட்டினேனோ..."

"என் வகுப்புக்கு வந்தவங்களுக்கு நான் சொல்லிடுறேன் தம்பி. நானும்தான் 'இதுல எல்லாம் இருக்கு'ன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னேன்."

அவர் இரண்டடி போனார். திரும்பினார். சாயங்கால வெளிச்சத்தில் அவர் முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"அண்ணி. மாசாமாசம் பார்சல் போகுதே."

"எந்தப் பார்சல்?"

"பாப்பாவுக்கு."

அவர்களுக்கு மகள் இன்னும் பாப்பாதான். பாப்பாவுக்குப் பிள்ளை பிறந்து ஏழு மாதம். தாய்ப்பால்தான். வேறு எதைக் கொடுத்தாலும் துப்பிவிடுகிறான் என்று போன வாரம்கூடச் சொன்னாள்.

டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கிளினிக் படியில் உட்கார்ந்துவிட்டார். அவள் போனை எடுத்தாள். விரல் இரண்டு முறை தப்பான பேரில் பட்டது.

"என்னம்மா, நானே கூப்பிடணும்னு நினைச்சேன்" என்றாள் மகள். பின்னணியில் பாத்திரம் கழுவும் சத்தம்.

"பிள்ளை என்ன பண்றான்?"

"தூங்குறான். எப்பவும் தூக்கம்தான். தங்கமான பிள்ளைம்மா, அழவே மாட்டான். இந்த வீட்ல குழந்தை இருக்கிறதே தெரியலன்னு மாடி வீட்டுக்காரங்க சொல்றாங்க."

"பால் குடிக்கிறானா?"

"கொஞ்சம் குடிப்பான், அப்படியே கண்ணசந்துடுவான். ஏன், என்ன விஷயம்?"

"குப்புறப் படுத்தா தலையைத் தூக்கிப் பார்க்கிறானா?"

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"தூக்கினானேம்மா. ரெண்டு மாசம் முன்னாடி நல்லாத் தூக்கினான். உருளக்கூடப் பார்த்தான். என்னைப் பார்த்துச் சிரிப்பான்..." மகளின் பேச்சு மெதுவானது. "இப்ப கொஞ்ச நாளா..."

"போய் எழுப்பு. போனை வைக்காத. இப்பவே எழுப்பு."

காலடிச் சத்தம். துணி விலகும் ஓசை. "கண்ணா... டேய் கண்ணா. அம்மாவைப் பாரு." கொஞ்சம் உரக்க இன்னொரு முறை. மூன்றாவது முறை கூப்பிட்டபோது அது தன் மகளின் குரல்தானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"அம்மா, கண்ணைத் திறக்கிறான். ஆனா தலை நிக்கல. பின்னாலயே சாயுதும்மா!"

"தலையைத் தாங்கிப் பிடிச்சுக்க. எதையும் எடுக்காத, அப்படியே தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. போனதும் முதல்ல சொல்லு, நான் பால், முட்டை எதுவும் சாப்பிடுறதில்ல, பிள்ளைக்கு என் பால்தான், பி12 பாருங்கன்னு. சொல்லுவியா? பி12!"

மகள் போனை எங்கோ வைத்துவிட்டாள், அணைக்கவில்லை. கதவு சுவரில் மோதும் சத்தம் கேட்டது. "யாராவது வாங்களேன்" என்று மகள் கத்துவது கேட்டது. மாடி வீட்டுக் கதவு திறந்தது. படிகளில் ஓடும் கால்கள், யார் யாரோ பேசும் குரல்கள், கீழே வண்டி ஒன்று கிளம்பும் ஒலி எல்லாம் வரிசையாகக் கேட்டன.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அத்தனை சத்தத்துக்கும் நடுவே, ஒரு பிள்ளை அழுமா என்று கேட்டுக்கொண்டே நின்றாள்.